எதிர் நகரில் நடந்த எங்கள் புதுமனை புகுவிழா

ஆற்றுப் பாசன அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவன், தண்ணீர் தேங்குகிற இடமாகத் தேடிப் பிடித்து வீடு கட்டினான் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் சொந்தக்காரர்கள் உடனே நம்பினார்கள். (என்னைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவர்கள்.)

தஞ்சாவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம். இறங்கி இடப்பக்கம் நடந்தால் கலைவாணி நகர், வலப்பக்கம் நடந்தால் பொன்வயல் நகர். நடுவில் ஒரு வடிகால். எண்பதுகளின் நடுவில் இரண்டு இடத்திலும் கல் ஊன்றி மனை போட்டிருந்தார்கள். தஞ்சாவூரில் வேலை கிடைத்து, வாடகை வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்கி அலுத்தவர்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் குடையோடு வந்து இரண்டையும் சுற்றிப் பார்ப்பார்கள். நானும் போனேன். பள்ளி ஆசிரியையான என் மனைவி மல்லிகா வந்தாள். அப்பாவும் வந்தார்.

அப்பா வலங்கைமான் பக்கம் மிராசுதார்களிடம் நாற்பது வருஷம் பண்ணை வேலை பார்த்தவர். குடிசைகூட மிராசுதார் இடத்தில்தான். கூலி உயர்வு கேட்டு அவர் சங்கத்தில் சேர்ந்த வருஷம், குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். மூங்கிலையும் கீற்றையும் தலையில் சுமந்து போய் ஆற்றங்கரையில் மறுபடி கட்டினார். அப்போது நான் ஏழாம் வகுப்பு. பிறகு ஆட்சி மாறியது, சட்டங்கள் வந்தன, நான் அரசு விடுதியில் தங்கிப் படித்து எழுத்தரானேன். அப்பாவுக்கு ஒரு ஆசை மட்டும் மிச்சமிருந்தது. தன் பெயரில் ஒரு பட்டா. எங்கள் வம்சத்தில் அதுவரை யாருக்கும் அது வாய்த்ததில்லை. மனையை அவர் பெயரில்தான் வாங்குவது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

நாங்கள் போனது சித்திரை மாதம். முதலில் கலைவாணி நகர். செம்மண் மேடு, சரளைக்கல். மல்லிகாவுக்கு ஒரு மூலை மனை மிகவும் பிடித்துவிட்டது. அப்பா குடைக் கம்பியால் தரையைக் குத்திப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னடா மண்ணு இது? எள்ளுகூட வராது."

"மாமா, நாம குடியிருக்கத்தான போறோம்?" என்றாள் மல்லிகா.

"இருந்தாலும் மண்ணுன்னு ஒண்ணு இருக்குல்லம்மா."

வடிகாலைத் தாண்டிப் பொன்வயல் நகருக்குப் போனோம். மனைக்கற்களுக்கு நடுவே போன அறுப்பின் தாள் இன்னும் நின்றது. களிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து ஒரு வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"உள்ள ஈரம் இருக்குடா. சித்திரையில ஈரம்!"

மல்லிகா தரகரிடம் கேட்டாள்: "மழ பேஞ்சா தண்ணி எங்கங்க போவும்?"

தரகர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அப்பா பெருமையோடு முந்திக்கொண்டார். "எங்கயும் போவாதும்மா. கட்டி வச்ச மாதிரி நிக்கும். ஒரு சொட்டு வெளிய போவாது."

தரகர் வாயை மூடிக்கொண்டார். அந்த இடத்திலாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும். நானோ, "வண்டல் மண் மல்லிகா, சும்மாவா?" என்று அவளுக்கு வகுப்பு எடுத்தேன். (அலுவலகத்தில் நான் பார்த்தது விடுப்பு விண்ணப்பப் பிரிவு.) பொன்வயலையே வாங்கினோம். பத்திரத்தில் கைரேகை வைத்த விரலை அப்பா அன்று முழுக்கக் கழுவவில்லை. கலைவாணி நகரின் அந்த மூலை மனையை மல்லிகாவின் பள்ளியில் வேலை பார்த்த சகுந்தலா டீச்சர் வாங்கினார்.

வீடு எழும்பியது. ஐப்பசியில் புதுமனை புகுவிழா. மூன்று நாளாக விடாத மழை. காலையில் போய்க் கதவைத் திறந்தால், கூடத்தில் முழங்கால் தண்ணீர். வாசலுக்கு வாங்கி வைத்திருந்த கோலமாவு கரைந்து சமையலறை வரை போயிருந்தது. தரையில் அடுப்பு வைக்க வழியில்லாமல் மாடிப்படியின் நான்காவது படியில் பால் காய்ச்சினோம். குத்தாலத்திலிருந்து மல்லிகாவின் சொந்தங்கள் சீர்த்தட்டுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு, சேலையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். என் மேலதிகாரி செருப்பைக் கையில் பிடித்தபடி கூடத்தில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"தம்பி, நம்ம ஆபீஸ் வரைபடத்துல இது வடிகால் பகுதியாச்சே. பாக்கலியா?"

எனக்குத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் ஏறினால் தேவலை என்றிருந்தது.

"இங்க எல போட்டா பரிமாற முடியாதுங்க, தொரத்திப் புடிக்கத்தான் முடியும்" என்று சமையல்காரர் கைவிரித்தார். அப்போது சகுந்தலா டீச்சர் ஆள் அனுப்பினார். அவர் வீட்டுக் கூடம் காய்ந்து கிடக்கிறதாம், எல்லோரும் வரலாமாம். ஆக, எங்கள் வீட்டு விசேஷச் சாப்பாடு ஊர்வலமாக வடிகாலைத் தாண்டியது. முன்னால் சாம்பார் அண்டா, பின்னால் மேலதிகாரி, கடைசியில் தலையில் வடைக்கூடையோடு வீட்டுக்காரன். அந்த மூலை மனையில் உட்கார்ந்துதான் என் வீட்டை எல்லோரும் வாழ்த்தினார்கள்.

பந்தியில் மல்லிகாவின் பெரியப்பா சத்தமாகக் கேட்டார். "மாப்ள, யாரு பாத்த எடம் அது?"

அப்பா பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் அவரைக் கை காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "காலம் பூரா அடுத்தவன் வயல்ல நின்னவருக்கு வீட்டு மனையப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். சிலர் சிரித்தார்கள். அப்பா எடுத்த கரண்டிப் பாயசத்தை அந்த இலையில் ஊற்றிவிட்டு, வாளியைக் கீழே வைத்து, வெளியே போனார்.

பந்தி முடிந்ததும் மல்லிகா ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் போனபோது அப்பா எங்கள் வீட்டுக் கொல்லையில் மண்வெட்டியோடு இடுப்பளவு நனைந்து நின்றார்.

"வரப்ப வெட்டி விட்டுப் பாத்தேன். தண்ணி போவ வழியில்லடா" என்றார். பிறகு, "நீ சொன்னது நெசந்தான். வயல்ல தண்ணி நின்னா சந்தோசப்பட்டே பழகிட்டேன். வீட்டுக்கு ஆவாதுன்னு தோணவே இல்ல."

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. "சாப்பிடுங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். உட்கார இடமில்லாததால் நின்றபடியே சாப்பிட்டார்.

மழை விட்டதும் களிமண் சுருங்கி, நடுச்சுவர் பிளந்தது. ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் வந்தது. மூன்றாம் வருஷம் கலைவாணி நகரில் வாடகைக்குக் குடிபோனோம். இன்றுவரை வாடகைதான். அப்பா மட்டும் தினமும் வடிகாலைத் தாண்டிப் போவார். தன் பட்டா நிலத்தில், வீட்டைச் சுற்றி நெல் நட்டார். முதல் அறுப்பில் ஒரு மூட்டை கண்டது. அவர் காலத்துக்குப் பிறகு நான் நடுகிறேன். மோசமாக நடுகிறேன், ஆனாலும் விளைகிறது. அப்பா பார்த்த மண்.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "சொந்த வீடு இருக்குங்களா?" என்று கேட்டார்கள். "இருக்குங்க. இந்த வருசம் அதுல நல்ல வெளச்சல்" என்றாள் மல்லிகா. அந்தக் கல்யாணம் நடந்தது. இப்போது சம்பந்தி வீட்டிலும் இந்தக் கதைதான் ஓடுகிறது. படியில் காய்ச்சிய பால், மேலதிகாரியின் செருப்பு, என் தலையில் இருந்த வடைக்கூடை என்று ஒன்றுவிடாமல் ஆளுக்கொரு பக்கமாகச் சொல்வார்கள். அப்பாவும் இருந்தவரை கூடச் சேர்ந்து சிரித்தார். பந்தியில் நான் சொன்னதை மட்டும் இத்தனை வருஷத்தில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. கதை அந்த இடத்துக்கு வரும்போது எல்லோரும் ஒரு நொடி நிறுத்தி, தாண்டிப் போகிறார்கள்.