வேட்டியைத் தின்ற பேட்டரி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டுக்கு நான்தான் முதலாளி. பத்து வருஷமாக ஊரில் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இடமும் அதன் பின்னால் இருக்கும் எங்கள் வீடும் என் பெண்சாதி ஆதிலட்சுமிக்கு அவள் அப்பா எழுதிவைத்தவை. கொட்டகை போட்டுக்கொடுத்தது அவள் அண்ணன். என்னுடையது என்று அங்கே இருந்தது ஒரு முக்காலி. அதற்கும் ஒரு கால் ஆட்டம்.

தொழில் சுலபம். சுற்றுப்பட்டு ஆட்கள் காலையில் சைக்கிளில் வருவார்கள். வண்டியை என்னிடம் விட்டுவிட்டுக் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ பஸ் ஏறுவார்கள். ஒரே நம்பர் போட்ட இரண்டு தகர டோக்கன் எடுப்பேன். ஒன்றை வண்டியில் மாட்டுவேன். ஜோடியை ஆளிடம் கொடுப்பேன். சாயங்காலம் ஜோடி எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் வண்டிக்குச் சொந்தக்காரன். பெத்த அப்பனே வந்தாலும் டோக்கன் இல்லாமல் வண்டி கிடையாது.

எங்கள் தெருவுக்குக் கரண்டுக் கம்பம் நட்ட வருஷம் எனக்கு ஒரு யோசனை வந்தது. அப்போது கிராமங்களில் கரண்டு கிடையாது. ரேடியோ வைத்திருக்கிறவர்கள் பேட்டரியில்தான் பாட்டுக் கேட்க வேண்டும். பேட்டரி செத்துப்போனால் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டி வாலாஜாபாத் வரை மிதித்துப் போய்ச் சார்ஜுக்குப் போட வேண்டும். மறுநாள் மறுபடி மிதித்துப் போய் எடுத்துவர வேண்டும். நம்ம ஸ்டாண்டில் வண்டி பகல் முழுக்கச் சும்மாதானே நிற்கிறது? அது நிற்கிற நேரத்தில் பேட்டரிக்கும் சாப்பாடு போட்டுவிட்டால் என்ன?

ஆதிலட்சுமியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“சோடா மிஷின் இன்னாயா ஆச்சு?”

“அது வேற.”

“வெள்ளக் கோயி வளத்தியே, அது?”

“அதுக்குச் சீக்கு வந்துச்சு. நான் இன்னா பண்றது?”

“என் எடத்துல இனிமே புதுத் தொழில் கெடையாது. சைக்கிளு வருதா, நிக்குதா, போவுதா. அத்தோட வுடு.”

“ஆதி, நாளைக்கு வண்டியே கரண்டுல ஓடும் பாரு. நிக்கிற எடத்துல எல்லாம் கரண்டு குடிச்சிக்கினு நிக்கும். அன்னிக்கு என்னைக் கும்புடுவ.”

“வண்டி அப்பறம் குடிக்கட்டும். மொதல்ல என் அடுப்பாண்ட ஒரு லைட்டு போடு. பொகையில கொயம்பு எது, ரசம் எது தெரியல எனுக்கு.”

அங்கேதான் என் புத்தி கெட்டது. கரண்டு கேட்டு எழுதிப்போட இடத்துக்காரி கையெழுத்து வேண்டும். இடத்துக்காரி லைட்டு கேட்கிறாள்.

மறுநாள் படிவத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். “உன் அடுப்பாண்ட லைட்டு போடத்தான். இங்க ஒரு கையெழுத்து போடு.”

“நெசமாவா?” என்றாள். கையை முந்தானையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். அன்றைக்கு மத்தியானம் எனக்கு மட்டும் தனியாகக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். நான் வெட்கமே இல்லாமல் இரண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்றேன். அந்த வெட்கம் பிற்பாடு வட்டியோடு வந்தது.

மீட்டர் வந்தது. மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய சார்ஜர் பிடித்தேன். ஸ்டாண்டின் கோடியில் கீற்றுத் தட்டி கட்டி, அதன் மறைவில் சார்ஜருக்குச் சுவிட்சு போர்டு வைக்கச் சொன்னேன். வயர்மேன் தானியேல் தலையைச் சொறிந்தான்.

“பேட்டரி லோடுன்னா அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கட்டா அண்ணே? கரண்டு சர்வீசு அவங்க பேர்ல கீது.”

“நான் சொல்லிட்டேன்டா. நீ வேலயப் பாரு.”

அவன் வேலையைப் பார்த்தான். தொழில் பிய்த்துக்கொண்டு ஓடியது. வண்டிக்கு என்ன நம்பரோ பேட்டரிக்கும் அதே நம்பர். காலையில் செத்த பேட்டரியோடு வந்தவன், சாயங்காலம் பஸ் இறங்கி உயிரோடு எடுத்துப் போனான். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஆதிலட்சுமி மட்டும் தினமும் சோறு போடும்போது கேட்பாள்.

“லைட்டு எப்பயா வரும்?”

“ஒயர் கெடைக்கல. மெட்ராஸ்லயே இல்லியாம்.”

“அப்டியா. பாவம் மெட்ராசு.”

கேட்டுவிட்டுப் புகைக்குள் போய்விடுவாள். இருமல் சத்தம் மட்டும் வெளியே வரும். நான் சோற்றைப் பார்த்துக் குனிந்துகொள்வேன்.

பேட்டரிக்குள்ளே ஆசிட் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது வேட்டியில் தெறித்தால் அப்போதைக்கு ஒன்றும் தெரியாது, துவைக்கும்போதுதான் பொத்துக்கொள்ளும் என்பது தெரியாது. ஒரு நாள் ஆதிலட்சுமி என் வேட்டியை வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினாள். உள்ளங்கை போகிற அளவுக்கு ஏழெட்டு ஓட்டை.

“இன்னாயா இது?”

“எலி.”

“எலின்னா ஓரத்தக் கடிக்கும். இது தொடையாண்ட மட்டும் கடிக்குது.”

அடுத்து நான் சொன்னதை எழுத இன்னமும் கை கூசுகிறது.

“எல்லாம் நீ கல்லுல அடிக்கிற அடிதான். மெதுவாத் தொவைக்கத் தெரியாதா உனுக்கு? உங்க வூட்ல இதுகூடவா கத்துக் குடுக்கல?”

அவள் வேட்டியை மடித்தாள். “இருக்கும்” என்றாள். “என் கைதான் மொரட்டுக் கை.” அன்றிலிருந்து என் வேட்டியைக் கல்லில் அடிக்கவே இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கையால் கசக்கினாள். அப்படியும் ஓட்டை விழுந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாதது பொறுமை, நான் சொல்லாதது அயோக்கியத்தனம்.

இப்படி இருக்கும்போது பழையசீவரத்தில் அவள் அண்ணன் மகனுக்குக் காதுகுத்து வந்தது. ஆதிலட்சுமி பெட்டியைத் திறந்து என் கல்யாணத்து ஜரிகை வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். கட்டிக்கொண்டேன்.

“ஸ்டாண்டுல பூட்டு சரியா கீதான்னு பாத்துட்டு ஒரு எட்டுல வந்துடறேன்” என்றேன். முந்தின நாள் சார்ஜுக்குப் போட்ட ஆறு பேட்டரியைக் கழற்றி வைக்க வேண்டும்.

“இந்த வேட்டியோடயா?”

“பூட்டப் பாக்க எந்த வேட்டியா இருந்தா இன்னா?”

“அதுஞ்செரி. போய்ட்டு வா” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும். ஆறு பேட்டரியையும் ஒவ்வொன்றாக வயிற்றோடு அணைத்துத் தூக்கி வைத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

எங்கள் பக்கத்தில் விசேஷம் என்றால் மச்சினிச்சி மாமன்மேல் மஞ்சத்தண்ணி ஊற்றுவாள். ஒரு சொம்பு ஊற்றுவாள், மாமன் கோபம் வந்த மாதிரி முறைப்பான், எல்லாரும் சிரிப்பார்கள். அதோடு முடிந்தது. ஆதிலட்சுமியின் தங்கை அம்முலு அன்றைக்குச் சொம்போடு வரவில்லை. குடத்தோடு வந்தாள்.

“இன்னா அம்முலு, மாமாவுக்குச் சளி புடிச்சிடும்.”

“ஒன்னும் ஆவாது மாமா, நில்லு” என்று இடுப்புக்குக் கீழே பார்த்து ஊற்றினாள். பிறகு இன்னொரு குடம்.

முதலில் ஜில்லென்று இருந்தது. பிறகு காற்றோட்டமாக இருந்தது. குனிந்து பார்த்தேன். முன்பக்கத்து வேட்டி ஊறின அப்பளம் மாதிரி பிய்ந்து காலடியில் விழுந்துகொண்டிருந்தது. ஜரிகைக் கரை மட்டும் இடுப்பிலிருந்து தொங்கியது. நூறு பேர் நடுவில், பிள்ளைக்கு மாமன் முறை ஆகிற நான், ஒரு தாம்பாளத்தை முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன். அதில் இருந்த வெற்றிலை பாக்கெல்லாம் கொட்டிவிட்டது.

“இன்னாடி இது, மாப்புள வேட்டி இந்தக் கதியா?” என்றார் என் மாமியார் சொக்கம்மாள்.

ஆதிலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். “என் தப்பும்மா. அடிச்சுத் தொவைச்சிட்டேன். மெதுவாத் தொவைக்க நீ எனுக்குக் கத்துக் குடுக்கலன்னு அவரே சொன்னாரு.”

அவ்வளவுதான். மாமியார் பிடித்துக்கொண்டார். அண்ணன் பெண்சாதி பிடித்துக்கொண்டாள். புருஷன் துணியை ஒழுங்காகத் துவைக்கத் தெரியாதவள் என்று ஆளுக்கு ஒரு பேச்சு. அவள் குனிந்து, கொட்டின வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் இன்றைக்கும் தப்பித்துவிடலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உள்ளதை மறைப்பானேன். ஆனால் அவள் கை கண்ணில் பட்டது. என் வேட்டியைக் கசக்கிக் கசக்கி விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. ஆசிட் அவள் கையையும் தின்றிருக்கிறது.

“அவ மேல தப்பில்ல” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “பேட்டரி ஆசிட்டு. லைட்டுக்குன்னு பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கி, ஸ்டாண்டுல பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கினு கீறேன். அவளுக்கு ஒன்னும் தெரியாது.”

காது குத்தவந்த ஆசாரிகூட ஊசியைக் கீழே வைத்துவிட்டார். ஆதிலட்சுமி நிமிர்ந்தாள். அவள் முகத்தில் ஆச்சரியம் ஒரு பொட்டும் இல்லை.

“மீட்டர் வெச்ச அன்னிக்கே தானியேல் வந்து கேட்டுட்டான்யா. போர்டு வெய்யின்னு நான்தான் சொன்னேன். தொழிலு நல்ல தொழிலு. நீயே வந்து சொல்லுவன்னு மூணு மாசமா பாத்தேன். நீ எலின்னு சொன்ன. அப்பறம் என் கைன்னு சொன்ன. அதான் அம்முலுகிட்ட ரெண்டு கொடம் ஊத்துன்னேன்.”

நான் மச்சானின் பழைய லுங்கியில் பஸ் ஏறி வந்தேன். லுங்கி வேறு கட்டை.

பொழுது சாய வீட்டுக்குள் நுழைந்தால், அடுப்புக்கு மேலே லைட்டு எரிந்துகொண்டிருந்தது. தானியேல் கட்டிங் பிளேயரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். “ஒயரு மின்னயே வாங்கியாச்சுண்ணே. விசேஷத்தன்னிக்கி மாட்டுன்னு அக்கா சொன்னாங்க” என்றான். என்னைப் பார்க்காமல் போய்விட்டான்.

“ஆதி, மன்னிச்சிக்க” என்றேன். அவள் கையைப் பிடித்தேன். எரியுமென்று விட்டுவிட்டேன்.

“செரி செரி” என்று ஆணியில் மாட்டியிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். பழைய லாரி ட்யூபை வெட்டித் தைத்த கறுப்பு ஏப்ரன். கழுத்திலிருந்து கணுக்கால் வரை. “நாளையிலேர்ந்து இத்தக் கட்டிக்கினு பேட்டரியாண்ட நில்லு. ஆசிட்டு எறங்காது. முக்காலில நான் ஒக்காந்து பாத்துக்கறேன். அதோட காலயும் சரி பண்ணச் சொல்லிட்டேன்.”

மறுநாள் காலை ஏப்ரனைக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். கழுத்துக் கயிற்றில் ஏதோ உறுத்தியது. இழுத்துப் பார்த்தேன். ஒன்றாம் நம்பர் டோக்கன். அதன் ஜோடி முக்காலியில் உட்கார்ந்திருந்தவளின் இடுப்புச் சாவிக்கொத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.