அப்பீல் அண்ணையும் நாலு வடையும்

எனக்கு எண்பத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஐவரும் மகா கெட்டிக்காரர்கள். அதனால் ஒருவருக்கும் நேரமில்லை. இவ்வளவு காலத்தில் எத்தனையோ சனத்தைப் பார்த்திருக்கிறேன். அப்பீல் அண்ணையைப் போல ஒரு தொல்லையை மட்டும் வேறெங்கும் கண்டதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் லண்டனில் ஸ்ட்ரெதம் தொடக்கம் ஹரோ வரை ஒருவருக்கும் தெரியாது. ஊரில் வழக்குப் பேசுகிற ஒரு அப்புக்காத்திடம் கிளார்க்காக இருந்தவராம். வால்தம்ஸ்டோவில் உடுப்புத் தோய்க்கிற ஒரு லோண்டரிக்கு மேலே, இலவசச் சட்ட உதவி கொடுக்கும் அறையில் அவருக்கு ஒரு மேசை. கோடை வெயிலிலும் கறுப்புக் கோட்டு, கம்பளித் தொப்பி. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் தனக்கு மட்டும் குறைவாக விழுந்தது என்று நிர்வாகத்துக்கு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தவர். பதில் வரவில்லையென்று நினைவூட்டல் கடிதம் வேறு. தான் வழக்கில் தோற்றதே இல்லை என்பார். உண்மைதான். தோற்றதெல்லாம் "இன்னும் அப்பீலில கிடக்குது."

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குப் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்தது. காலும் இழுத்தது. வீட்டுக்காரர் அதற்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிட்டார். இயலாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பெனிபிட் காசு கிடைத்தால் உதவிக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு என் வீட்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் ஹரோவில் மூத்த மகன் வீடுதான் கதி. மருமகள் நல்லவள். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் ஒவ்வொரு டப்பாவுக்கும் பெயர் எழுதி ஒட்டுகிறவள். எனக்கும் ஒன்று ஒட்டிவிடுவாளோ என்றுதான் பயம்.

அதற்காக என்னைப் பரிசோதிக்க ஒரு வெள்ளைக்கார டொக்டர் வீட்டுக்கு வந்தார். வந்தவரை வெறும் வாயோடு அனுப்பலாமா? பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கொண்டு சேலை உடுத்தி, கடையில் வடையும் வாங்குவித்து வைத்திருந்தேன். ஆனால் இடக்கையால் எப்படி நீட்டுவது? விழுந்த வலக்கையை இடக்கையால் தூக்கித் தட்டுக்கு அடியில் முண்டு கொடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் கொடுத்தேன். மனுசன் நாலு வடை தின்றார். தின்றுவிட்டு, 'இரண்டு கைகளாலும் பரிமாறினார், முகத்தில் சிரிப்பு' என்று எழுதி வைத்தார். பெனிபிட் இல்லை என்று கடிதம் வந்தது.

அந்தக் கடிதத்தைக் கண்டதும் அப்பீல் அண்ணையின் முகம் கல்யாண வீட்டுக்காரர் முகம் போல மலர்ந்தது. உடனே அப்பீல் போட்டுவிட்டு, விசாரணையில் என்ன சொல்லவேண்டும் என்று எனக்குப் பாடம் தொடங்கினார்.

"தங்கச்சி, உமக்கு உடுப்புப் போட ஏலுமோ?"

"ஓம், ஏலும்."

"எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"முக்கால் மணித்தியாலம்."

"தலை ஆர் இழுத்து விடுறது?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளை."

"அப்ப ஏலாது எண்டு சொல்லும்!"

"ஏன் அண்ணை சொல்லோணும்? கொஞ்சம் சுணங்கும், அவ்வளவுதான்."

"உம்மைத் தோற்கடிக்க அரசாங்கம் தேவையில்லை. நீர் ஒராளே காணும்."

மூன்று கிழமை படிப்பித்தார். நான் படிக்கவில்லை.

விசாரணை நாள் வந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், நடுவில் தலைவர். தமிழை இங்கிலீசாக்க ஒரு பெண். அண்ணை பதினாலு பக்கம் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் தலைவர் நிறுத்திவிட்டு என்னை நேரே கேட்டார். சமைக்க முடியுமா? "ஓம்." குளிக்க? "ஓம்." படியேற? "ஏன் ஏலாது?" முன்பின் தெரியாத மூன்று பேருக்கு முன்னால் என் நாக்கு வேறு விதமாக வளைய மறுத்தது.

அண்ணை தாள்களைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அதை விடும், தங்கச்சி. டொக்டருக்கு வடையை இடக்கையாலதான் நீட்டினீராமே? மரியாதை தெரியாத குடும்பம் எண்டு கதைக்கினம்."

"ஆர் சொன்னது? என்னைப் பெத்தவை அப்பிடி வளர்க்கேல்லை! இந்தா, பாருங்கோ!"

மேசையில் தண்ணீர்க் கிளாசுகளோடு ஒரு தட்டு இருந்தது. அதை இழுத்து, வலக்கையை எடுத்து அடியில் வைத்து, தலைவருக்கு நீட்டினேன். வலக்கைதான் கொடுத்தது என்று காட்ட இடக்கையை விலக்கினேன். தட்டு, கிளாசு, கை எல்லாம் ஒன்றாய் விழுந்தன. பதினாலு பக்கமும் தலைவருடைய காற்சட்டையும் நனைந்தன. ஒருவரும் சிரிக்கவில்லை. மூவரில் ஒரு அம்மா எழுந்து வந்து, தொங்கிக்கொண்டிருந்த என் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டார். அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது. எனக்கும்தான்.

பெனிபிட் தந்தார்கள். வெளியே வந்ததும் அண்ணையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணை, அப்பிடி ஆர் கதைச்சது?"

"ஒருத்தரும் கதைக்கேல்லை."

"அப்ப பொய்யோ?"

"உம்மட வாயை நம்பேலாது, ரோசத்தை நம்பலாம் எண்டு செய்தன்."

நான் ஹரோவுக்குப் போகவில்லை. அண்ணை மாதமொருமுறை வந்து, மற்றவர்களின் வழக்கையெல்லாம் சொல்லி என் காதைத் தின்பார். போகும்போது வாசலில் நின்று, "என்ன மாதிரி, தங்கச்சி?" என்பார். பிள்ளைகள் கேட்டால் இன்றைக்கும் "நல்லா இருக்கிறன்" என்றுதான் சொல்லுவேன். அந்த மனுசனிடம் மட்டும், "களைச்சுப் போனன் அண்ணை" என்று சொல்லியிருக்கிறேன். அவர் போய்ச் சேர்ந்து கனகாலம். அதன் பிறகு அதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

சரி பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை முதலிலயிருந்து ஒருக்கா வாசி, கேப்பம்.