கம்ப்யூட்டர் கேட்ட ஜன்னல்

"சிவப்பு வந்துடுச்சு!" என்று அலறினார் ரேடியோ.

கையிலிருந்த போனை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். திரையில் கொட்டை எழுத்தில் ஒரே ஒரு வரி: 'குறை: சமையலறை ஜன்னல் வரைபடத்தில் உள்ளபடி இல்லை.'

"உள்ளபடி இல்லையா? நம்ம சமையலறையில ஜன்னலே இல்லையே" என்றாள் மனைவி.

"அதத்தான் நானும் கேக்குறேன். ஜன்னலே வேண்டாம்னுதானே கட்டினேன்!"

அது தெருவுக்கே தெரிந்த சங்கதி. அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து அந்த அம்மாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வெளிச்சமாக, கையைக் காலை நீட்ட இடமாக ஒரு சமையலறை. கேக் செய்து விற்கிறவள். ஓவனை வைத்தால் தான் நிற்க இடமில்லை, தான் நின்றால் ஓவனுக்கு இடமில்லை என்றால் என்ன செய்வாள்? ரேடியோ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சமையலறைக்கு அலமாரியை விடக் கொஞ்சம் பெரிதாக ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தையெல்லாம் வளைத்துத் தனக்கென்று ஓர் அறை கட்டிக்கொண்டார். பழைய ரேடியோக்களைச் சேர்த்து வைத்து, பழுது பார்த்து, பாட விட்டுக் கேட்பது அவருடைய பைத்தியம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதே அதற்காகத்தான்.

எல்லோரும் தன்னை ரேடியோ என்று கூப்பிடுவது அதனால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். ரேடியோ பேசிக்கொண்டே இருக்கும், நாம் சொல்வதைக் கேட்காது என்பதுதான் காரணம். அதை யார் போய் அவரிடம் சொல்வது? சொன்னாலும் கேட்கப் போகிறாரா?

வீடு முடிந்துவிட்டது. ஆனால் நிறைவுச் சான்றிதழ் வந்தால்தான் மின் இணைப்பு. மின்சாரம் வந்தால்தான் ரேடியோக்கள் பாடும். அதற்குள் கட்டட விதிகளை மாற்றிவிட்டார்கள். காகித வரைபடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம். வீட்டுக்காரர் ஒவ்வோர் அறையாகப் படம் எடுத்து ஆப்பில் அனுப்ப வேண்டுமாம். ஆப் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தினால் பச்சை, பொருந்தாவிட்டால் சிவப்பு காட்டும். அதிலும் ஒரு சிவப்பைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த சிவப்பைச் சொல்லும்.

ரேடியோ பிளான்காரருக்குப் போன் போட்டார். வரைபடம் போட்டுக் கொடுத்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அவர்தான்.

"யோவ், நான் போடச் சொன்ன பிளான்ல ஜன்னலே கிடையாதேய்யா!"

"அது பழைய காகிதம் சார். இப்ப செல்லாது. புது விதியில காத்து, வெளிச்சம் எல்லாம் கட்டாயம். கம்ப்யூட்டர்ல இருக்கறதுதான் கணக்கு."

"அதத் திறந்து காட்டு, நான் பாக்குறேன்."

"வீட்டுக்காரங்களுக்குத் திறக்காது சார். எனக்கும் ஆபீசுக்கும்தான் திறக்கும்."

"அப்ப மாத்திக் கொடு."

"தாராளமா. வரைபடத்துல கை வச்சா புது மனு. புது மனுன்னா வரிசையில கடைசி. சுவத்துல கை வச்சீங்கன்னா ஒரே ஒரு போட்டோ. யோசிச்சுச் சொல்லுங்க."

ரேடியோ யோசித்தார். வாடகை வீட்டுக்காரர் ஏற்கெனவே காலி பண்ணச் சொல்லிவிட்டார். ரேடியோக்களோ அட்டைப் பெட்டிகளில் மூச்சு முட்டிக் கிடந்தன.

மேஸ்திரி ஒரு குறுக்கு வழி சொன்னார். "எதுக்கு சார் சுவத்தை உடைச்சுக்கிட்டு? ஒரு ஜன்னல் சட்டத்தைக் கொண்டாந்து சாத்தி வைப்போம். பின்னாடி நீலப் போர்வை ஒண்ணு. பாக்கறவனுக்கு வானம் மாதிரி தெரியும்."

"ஆள் நீ கெட்டிக்காரன்யா!"

சாத்தினார்கள். போர்வையைத் தொங்கவிட்டார்கள். மேஸ்திரி ஓர் ஓரமாக உட்கார்ந்து, காற்று வீசுவது போல் போர்வையை லேசாக ஆட்டக்கூடச் செய்தார். ரேடியோ படம் எடுத்து அனுப்பினார். கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. 'குறை: ஜன்னல் தரையில் நிற்கிறது. இந்த மனு தனிக் கவனிப்பில் வைக்கப்பட்டுள்ளது. இனி எல்லா அறைகளையும் வீடியோவாக அனுப்பவும்.'

"போர்வை வானம்னு நம்பிடுச்சு சார், பாத்தீங்களா? அதப் பத்தி ஒண்ணும் சொல்லலையே" என்றார் மேஸ்திரி, பெருமையாக.

"வாயை மூடிட்டுச் சுவத்தை உடைய்யா!"

ஜன்னல் வந்தது. சின்னதும் இல்லை, ஆள் படுத்து உருளலாம் போல அகலம். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பிளான்காரர் சாதித்துவிட்டார். காலை வெயில் உள்ளே வந்து விழுந்தது. மனைவி அந்த வெயிலில் போய் ஒரு நிமிடம் சும்மா நின்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள்.

"என்னங்க பண்றது, அரசாங்கமே சொல்லுதே. நாம மீற முடியுமா?"

அவள் இவ்வளவு பொறுமையாகப் பேசியது ரேடியோவுக்கு ஆறுதலாக இருந்தது.

அடுத்த சிவப்பு மறுநாள் வந்தது. 'குறை: சமையலறை அகலம் போதாது.'

"எவ்வளவு போதாதாம்?" என்று மேஸ்திரி கேட்டார்.

ரேடியோ அளவைப் படித்தார். மேஸ்திரி டேப்பை இழுத்துக்கொண்டே போனார். போனார், போனார், ரேடியோ அறையின் நடுவில் போய் நின்றார்.

"இங்க சார்."

"இங்கன்னா?"

"சுவரு இங்க வரணும். உங்க ரூம்ல பாதி அந்தப் பக்கம்."

ரேடியோ அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூன்று பக்கமும் அவரே நின்று அளந்து போட்ட அலமாரிகள் அந்த அறையில் இருந்தன. ஒவ்வொரு ரேடியோவுக்கும் தனித்தனித் தட்டு, தனித்தனி பிளக். நாற்காலியைக்கூட எங்கே போடுவது என்று குறி வைத்திருந்தார். அதையெல்லாம் பிரிக்கும்போது அவர் வெளியே போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டார். அழுகையே வந்துவிட்டது. துண்டால் துடைத்துவிட்டு, தூசி என்றார்.

எதிரே பல்டாக்டர் வீட்டிலும் டமார் டமார் என்று உடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வீடு கட்டியவர்கள். பல்டாக்டர் இறக்கிய மணலும் ரேடியோ இறக்கிய மணலும் ஒரு மழையில் ஒன்றாகக் கலந்து, யார் மணல் எவ்வளவு என்று வாய்த்தகராறு முற்றி, அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. மனைவியையும் பேசக் கூடாதென்று ரேடியோ கண்டித்து வைத்திருந்தார்.

"பாத்தியா அந்தப் பல்புடுங்கிய? நான் உடைச்சா அவனும் உடைக்கிறான். காப்பியடிக்கிறான்!" என்றார் மேஸ்திரியிடம்.

"அங்கயும் சிவப்பு வந்திருக்கும் சார்."

"அவன் மூஞ்சிக்கு வராம என்ன!" அந்த ஒரு நினைப்பில் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

அதற்கப்புறம் வந்ததுதான் பெரிய அடி. 'குறை: சமையல் மேடை நீளம் போதாது. ஓவனுக்கான இடம் காணப்படவில்லை.'

"ஓவனா? நான் அந்த வார்த்தையையே யார்கிட்டயும் சொன்னதில்லையேய்யா!" என்று பிளான்காரரிடம் போனில் கத்தினார்.

"தீப்பாதுகாப்பு சார். புது விதி" என்றார் பிளான்காரர். போனில் ஏதோ இருமினார். இருமலா சிரிப்பா என்று ரேடியோவுக்கு அப்போது சந்தேகம் வரவில்லை.

மேடைக்கு நீளமான கருங்கல் வேண்டும். மேஸ்திரி எங்கேயோ போய் அரை மணி நேரத்தில் வந்தார். "எதிர்வீட்டுல மேடையைப் பிரிச்சு வெளிய சாத்தி வச்சிருக்காங்க சார். புதுக்கல்லு. அளவு அச்சா அப்படியே இருக்கு."

"அவன் வீட்டுக் கல்லு என் வீட்டுக்குள்ள வர்றதா? என் பொணத்து மேலதான்!"

"எடுத்துட்டு வாங்க மேஸ்திரி" என்றாள் மனைவி உள்ளிருந்து. "புதுசா வாங்கப் போனா இன்னும் நாளாகும். சிவப்பு காத்துக்கிட்டே இருக்கு பாருங்க."

கல் வந்தது. கச்சிதமாக உட்கார்ந்தது.

'குறை: நடுக்கூடத்திலிருந்து பொருள் அறைக்குக் கதவு அனுமதி இல்லை.'

"பொருள் அறையா? எது பொருள் அறை?"

மேஸ்திரி தயங்கித் தயங்கி, மிச்சமிருந்த பாதி ரேடியோ அறையைக் கை காட்டினார்.

கதவை அடைத்தார்கள். இனி ரேடியோ தன் அறைக்குப் போக வேண்டுமானால் சமையலறை வழியாகத்தான் போக வேண்டும். அதுவும் மனைவி மேடையருகே நின்றால் அவளைக் கொஞ்சம் ஒதுங்கச் சொல்லித்தான் போக வேண்டும். அன்றைக்கு அவர் சாப்பிடவே இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்தார். பச்சை. எல்லாமே பச்சை. 'நேரடி ஆய்வுக்குத் தயார்' என்று வந்திருந்தது.

ஆய்வாளர் அம்மா காலையிலேயே கையில் டேப்லெட்டோடு வந்துவிட்டார். விதிப்படி பிளான்காரரும் கூட வந்து, ஒரு சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றார். ஆய்வாளர் ஜன்னலை அளந்தார், மேடையை அளந்தார், பொருள் அறையை எட்டிப் பார்த்தார். பெட்டி பெட்டியாக ரேடியோக்கள் அவரைப் பார்த்தன.

"பிரமாதம் சார். வரைபடத்துக்கும் வீட்டுக்கும் ஒரு இன்ச் வித்தியாசம் இல்ல. இவ்வளவு அக்கறையா யாரும் திருத்தி நான் பாத்ததில்ல."

"அக்கறை!" என்றார் ரேடியோ.

"கையெழுத்துப் போடுங்க, பல்டாக்டர் சார்."

"யாரு பல்டாக்டர்?"

"நீங்கதானே? வரைபடத்துல அப்படித்தான் இருக்கு."

"நானா? அவன் எதிர்வீடும்மா!"

ஆய்வாளர் நெற்றியைச் சுருக்கினார். டேப்லெட்டைத் தட்டினார், தள்ளினார், விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போனார். திரும்பி வரும்போது பின்னாலேயே பல்டாக்டரும் ஓடி வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"ரெண்டு வரைபடமும் மாறி ஏறியிருக்கு" என்றார் ஆய்வாளர். "உங்க பிளான்படி அவர் வீடு இருக்கு. அவர் பிளான்படி உங்க வீடு இருக்கு. எனக்கென்ன, ரெண்டும் விதிப்படிதான் இருக்கு. பேரை மட்டும் திருத்திச் சான்றிதழ் கொடுத்துடறேன். சாயங்காலமே கரன்ட் வந்துடும்."

ரேடியோ பல்டாக்டரைப் பார்த்தார். பல்டாக்டர் ரேடியோவைப் பார்த்தார். மணல் சண்டைக்குப் பிறகு இருவரும் பேசிக்கொண்டது இப்போதுதான்.

"அப்ப என் ரூமு உங்க வீட்லயா இருக்கு?"

"நடுவீட்ல இருக்கு! மூணு பக்கம் அலமாரி! என் சம்சாரம் உள்ள போய்ப் பூட்டிக்கிட்டுப் புஸ்தகம் எழுதுறா! நான் சாப்பாட்டுப் பிரியன் சார், அவ்வளவு பெரிய சமையலறை பிளான் பண்ணினேன். இப்ப அடுப்பங்கரையில ஒரு ஆள் நிக்க முடியல!"

"என் கதியைப் பாருங்க. என் ரேடியோவையெல்லாம் கேக் மாவுக்குப் பக்கத்துல வச்சிருக்கேன்!"

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். பிளான்காரர் வாசலை நோக்கி நழுவிக்கொண்டிருந்தார். ரேடியோ ஒரு பக்கமும் பல்டாக்டர் இன்னொரு பக்கமுமாக அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பாவி! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? ரெண்டு வீட்டையும் மாத்தி ஏத்தித் தொலைச்சிருக்கியே!"

பிளான்காரர் சட்டையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. சமையலறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார், எதிர்வீட்டை ஒரு தரம் பார்த்தார்.

"தெரியாம மாறலை சார்... 'நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க, கம்ப்யூட்டர் சொன்னா மறுபேச்சில்லாமக் கேப்பாங்க'ன்னு ரெண்டு வீட்டு அம்மாவும் சேர்ந்து வந்து, பக்கத்துல உக்காந்துதான் மாத்தி ஏத்தச் சொன்னாங்க."