ஒரு பெஞ்சு நிறைய ஆள்

ஏழு ஆறுகள் ஓடியும் எல்லாச் சண்டையும் தண்ணீருக்காகவே நடக்கிற செங்கரை நாட்டில், சட்டங்களுக்கு ஆயுள் ஒரு வருடம். வருடத்தில் ஒருமுறையாவது ஆசிரியர் ஒருவர் அந்தச் சட்டத்தை நடத்த வேண்டும். ஒரு பெஞ்சு நிறைய ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும். இல்லாவிட்டால் வருடக் கடைசி நாளன்று பொழுது சாயும்போது அது செத்துப்போகும். மக்களுக்குத் தெரியாத சட்டத்தை வைத்து மக்களைத் தண்டிக்கக் கூடாது என்று எந்தக் காலத்திலோ யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் செய்த ஏற்பாடு. அரசர் அரசராக இருப்பதற்கான பட்டச் சட்டத்துக்கும் இதே விதிதான். எல்லாச் சட்டங்களையும் சட்டக் கல்லூரியில்தான் நடத்துவார்கள்; மரியாதைக்காக இதை மட்டும் கடைசி நாளன்று. பாதிப் பேர் தூங்குவார்கள். தூங்கினாலும் உட்கார்ந்திருந்தால் வகுப்பு செல்லும்.

அந்நாட்டு நீதிமன்றம் ஒருநாள், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் விரும்பினால் ஒரே வீட்டில் குடும்பமாக வாழலாம் என்று சட்டமாக்கியது. அதுவரை அப்படி வாழ்ந்தவர்களில் ஒருவரை வட எல்லைக்கும் மற்றவரைத் தென் எல்லைக்கும் அனுப்புவதுதான் வழக்கம். கடல் தாண்டிய நாடுகள் பாராட்டி மாலை அனுப்பின. மாலை பிடித்துப்போன அரசர், இந்தச் சட்டத்தை நடத்தும் ஆசிரியர்களை உருவாக்க ஆய்வு உதவித்தொகை ஒன்றை அறிவித்தார். விண்ணப்பித்தது ஒரே ஆள், இளவெயினி. கால்நடை மருத்துவர் நப்பசலையோடு பல வருடமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவள். உதவித்தொகை கிடைத்த அன்று முதல் வேலையாக ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

கல்வி அமைச்சர் அவளை அழைத்துப் பேசினார்.

"அம்மையார் தாராளமாக வகுப்பு நடத்தலாம். அரசுக்குத் துளியும் ஆட்சேபமில்லை. ஆண், பெண், காதல், வீடு ஆகிய சொற்கள் மட்டும் வகுப்பில் வரக் கூடாது. பிஞ்சு மனங்கள் கெட்டுவிடும்."

"பாதிப் பேர் கல்யாணமானவங்க, ஐயா."

"கல்யாணமான பிஞ்சுகள்" என்றார் அமைச்சர்.

அந்தச் சொற்கள் இல்லாமலே பாடம் தயாரித்தாள். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்புக்கு முதல் நாளே அடுத்த ஆணை வந்துவிட்டது. இந்தப் பாடத்துக்கு வருகிறவர்கள் பெற்றோரின் சம்மதம் வாங்க வேண்டும். அவர்கள் பெயரை ஊர்த்தலைவர் ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டும். பெயர் கொடுத்த மாணவி ஒருத்தியின் படிப்பையே நிறுத்திவிட்டு, அவசர அவசரமாக மாப்பிள்ளை பார்த்தார்கள். அதற்குப் பிறகு யார் வருவார்கள்? இளவெயினிக்கு அந்தப் பெண்ணை நினைத்துத்தான் அழுகை வந்தது.

ஆளில்லாத வகுப்பறை வீண் செலவு என்று அதைப் பூட்டச் சொல்லி இன்னோர் ஆணை. பூட்டிய அறையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று மாணவர்கள் வாசலில் கூடிப் பேச ஆரம்பித்தார்கள். உடனே கல்லூரியையே வருடக் கடைசிவரை சீரமைப்புக்காக மூடினார்கள். உதவித்தொகையை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. கடல் தாண்டி மாலை வர வேண்டுமே!

இளவெயினியின் வீட்டு வாசலில், நப்பசலையிடம் ஆடு மாடு கொண்டுவருகிறவர்கள் காத்திருக்க ஒரு பெஞ்சு உண்டு. அவர்களிடமாவது நடத்திப் பார்க்கலாமென்று வாயைத் திறந்தாள். ஒலிபெருக்கி ஞாபகம் வந்து, வைத்தியம் பார்க்காமலேயே ஆட்டை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

கடைசி நாள் மதியமே காவலர்கள் வந்துவிட்டார்கள். தலைமைக் காவலர் பெருஞ்சாத்தன் வியர்வையைத் துடைத்தபடி, "பொழுது சாயுற வரைக்கும் உங்களைத் தொடக் கூடாதும்மா. சாஞ்சதும் ஆளுக்கொரு வண்டி. அதுவரைக்கும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு மேலிடத்து உத்தரவு" என்றார்.

"நின்னுக்கிட்டேவா இருப்பீங்க? உக்காருங்க" என்றாள் நப்பசலை. ஆளுக்கொரு தம்ளர் மோர் கொடுத்தாள்.

காவலர்கள் உட்கார்ந்தார்கள். பெஞ்சு நிறைந்துவிட்டது.

இளவெயினி நிறைந்த பெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். விதி ஆளைச் சொல்கிறது, பெஞ்சைச் சொல்கிறது. இடத்தைச் சொல்லவே இல்லை. கல்லூரிக்கு வெளியே யாரும் நடத்தியதில்லை என்பதால் அதைத் தடுக்க அமைச்சருக்கும் தோன்றவில்லை. எழுந்து போக முடியாத மாணவர்களையும் அவரே அனுப்பிவைத்திருக்கிறார்.

"எங்களை எதுக்குப் பிரிக்கப் போறீங்கன்னு தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றார் பெருஞ்சாத்தன்.

"அப்ப சொல்றேன், கேளுங்க."

சொன்னாள். ஆண் என்றாள், பெண் என்றாள், காதல் என்றாள், வீடு என்றாள். ஒரு காவலர் தூங்கினார். இன்னொருவர், தன் தம்பி தென் எல்லையில் இருப்பதாகச் சொல்லித் தலையைக் குனிந்துகொண்டார். வெயில் பெஞ்சை விட்டு இறங்கி, வேலியைத் தாண்டிப் போனது.

"ஆக, சட்டம் இன்னொரு வருஷம் இருக்கும்" என்றபடி பெருஞ்சாத்தன் எழுந்து வண்டிகளைத் திருப்பச் சொன்னார். பிறகு எதையோ நினைத்தவராய் நின்றார். "காலேஜ் மூடியிருக்கே. இன்னைக்குப் பட்டச் சட்டத்தை யாரு நடத்தினாங்க?"

"யாரும் நடத்தலை."

அவர் முகம் வெளுத்தது. மேற்கே பார்த்தார். சூரியனின் விளிம்பு இன்னும் கொஞ்சம் தெரிந்தது.

"பெஞ்சு நிறைய ஆள் இருக்கோம். அதையும் சட்டுனு நடத்திடுங்களேன், டீச்சர்!"

காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே இளவெயினி சொன்னாள்: "அதுக்கு எனக்கு உதவித்தொகை தரலையே."