கலா அண்ணே நிற்கிற பக்கம்

எங்கள் தொகுதியின் தேர்தல் வரலாற்றை எழுத யாருக்காவது ஆசை இருந்தால், நூலகம், பத்திரிகை ஆபீஸ் என்று அலைய வேண்டாம். ஒவ்வொரு தேர்தலிலும் கலா அண்ணே யாருக்கு உழைத்தார் என்று விசாரித்தால் போதும். அந்த ஆளைத் தள்ளிவிட்டு மிச்சம் நிற்பவர்தான் சட்டமன்ற உறுப்பினர்.

கலா என்றதும் யாரோ ஒரு அக்கா என்று நினைத்துவிடாதீர்கள். மலாய் மொழியில் தோற்றுப்போவதற்குக் 'கலா' என்று பெயர். முறுக்கு மீசை வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஒரு மனிதருக்கு எங்கள் ஊர் அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது. செமோர் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டம் விற்றுப்போய், ரப்பர் மரம் நின்ற இடத்தில் தாமான் என்கிற குடியிருப்பு எழும்பி, நாங்கள் எல்லாரும் வரிசை வீடுகளுக்கு வந்து சேர்ந்தோம். புதிதாகக் குடிவருகிறவர்கள் அவர் மனைவியைப் பார்த்து, "கலா அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்பார்கள். அந்த அக்காவும் சலிக்காமல், "அது நான் இல்லே, அவருதான்" என்று வீட்டுக்குள் கைகாட்டுவார்.

தேர்தல் அறிவித்த அன்றே அண்ணே வேன் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிவிடுவார். வேனும் அவருடையது, தொண்டையும் அவருடையது. யாரும் கூப்பிடக்கூட வேண்டாம்.

முதலில் அவர் உழைத்தது, கல்லை நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்று எங்கள் அப்பாக்கள் காலத்திலிருந்தே பெயர் வாங்கிய ஒரு கட்சிக்கு. அண்ணே வேனை எடுத்தார், கல் தோற்றது. சரி, காற்று மாறிவிட்டது என்று அடுத்த முறை ஜெயித்தவர்கள் பக்கம் போனார். அதற்குள் தொகுதி எல்லையை மாற்றி, எங்கள் தாமானில் பாதியைப் பக்கத்துத் தொகுதியோடு சேர்த்துவிட்டார்கள். அண்ணே தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் இங்கே ஓட்டே இல்லாதவர்களிடம். அதுவும் போச்சு. பிறகு எந்தக் கட்சியும் வேண்டாம் என்று, மரச் சின்னத்தில் தனியாக நின்ற ஒருவரைப் பிடித்தார். அந்த மனிதர் இப்போது அரசியல் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

அதன் பிறகு வேட்பாளர்கள் ஆரஞ்சுப் பழக் கூடையோடு அண்ணே வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஆதரவு கேட்டு இல்லை.

"அண்ணே, இந்தத் தடவை நீங்க எனக்கு எதிரா வேலை செய்யுங்கண்ணே. பெரிய உதவியா இருக்கும்."

அண்ணேவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ராசியாவது மண்ணாவது! ஓட்டுப் போடறது ஜனம்லா. நான் என்னா சூனியம் வைக்கிற போமோவா? மனசுல இல்லாத கொடிய என் வேன்ல கட்ட மாட்டேன். பழத்த எடுத்துக்கிட்டுக் கிளம்பு!"

இந்த ஒரு விஷயத்தில் அவரை யாராலும் அசைக்க முடியாது. தோற்கிற கொடிதான், ஆனால் அவர் நம்பிய கொடி.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் புவனா தேர்தலில் நின்றாள். ஆறு வருடம் அண்ணேயின் வேனில், முன் சீட்டில் உட்கார்ந்து தமிழ்ப்பள்ளிக்குப் போய்வந்த பிள்ளை. அவள் வக்கீலானபோது அண்ணே வேனின் முதுகில் 'வாழ்த்துகள் புவனா' என்று எழுதிக்கொண்டு ஈப்போ முழுக்கச் சுற்றினார். அண்ணே வீடு பிள்ளை இல்லாத வீடு. அவள் ஜெயித்துப் பார்ப்பதைவிட அவருக்கு வேறு ஆசை இருந்திருக்க முடியாது.

புவனா நேராக அவர் வீட்டுக்கே வந்தாள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

"அங்கிள், உங்க வேன்லதான் நான் சுத்துவேன். ராசி கீசி எல்லாம் நான் நம்பறதில்லே."

அண்ணே தரையைப் பார்த்தார். "வேன் ரோசாக் ஆயிருச்சும்மா. ஓடாது."

அப்போதுதான் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்த வேன், வாசலில் சூடு ஆறாமல் நின்றது.

மறுநாள் காலையில் அந்த ஓடாத வேன் ஓடியது. கூரையில் புவனாவை எதிர்த்து நிற்பவரின் கொடி!

தாமானே கொதித்தது. மாமாக் டீக்கடை நானா, "துரோகி! அவனுக்கு இனிமே என் கடையில தே தாரேக் இல்லே" என்று சபதம் போட்டார். வீட்டில் அக்காவும் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். சோற்றுத் தட்டை ணங்கென்று வைக்கிற சத்தம்தான் எங்கள் வீடுவரை கேட்டது. நானும் என் பங்குக்கு நாலு வார்த்தை சுடச்சுடக் கேட்டேன். அண்ணே ஒலிபெருக்கிக் கயிற்றை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

அந்த வேட்பாளர் ஊருக்குப் புதியவர். பாரிட் புந்தாரிலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். கலா என்பது வீட்டு அக்காவின் பெயர் என்று நினைத்து, மகிழ்ச்சியாக வேனில் ஏறிக்கொண்டார். அண்ணே மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! நம்ம வேட்பாளருக்கே ஓட்டுப் போடுங்க! எதிர்த்து நிக்கிற புவனாவும் நல்ல பிள்ளைதான். நாலாம் வகுப்புலயே கட்டுரைப் போட்டியில முதல் பரிசு. ஒரு நாள்கூட வேனுக்கு லேட்டா வந்ததில்லே! ஆனாலும் நீங்க..."

வேட்பாளர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். பாவம், அவருக்கு அப்போதே வியர்த்துவிட்டது.

புவனா ஜெயித்தாள். சொற்ப வாக்குகளில்தான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் முடிவைக் கேட்டோம்.

மறுநாள் காலை நானா கடையில் ஆளாளுக்கு மை வைத்த சுட்டுவிரலைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மூலை மேசையில் அண்ணே, இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சபதப்படி பச்சைத் தண்ணீர்.

நன்றி சொல்ல வந்த புவனா நேராக அவரிடம் போய்க் கைகூப்பினாள். கும்பிட்ட பிள்ளையைத் திருப்பிக் கும்பிடாமல் இருக்க முடியுமா? அண்ணே மெதுவாக இடது கையை வெளியே எடுத்தார். விரலில் மை இல்லை.

"அங்கிள்! நீங்க ஓட்டே போடலியா?"

ஒரு தேர்தலைக்கூடத் தவறவிடாத மனிதர், ராசியாவது மண்ணாவது என்றவர், சொன்னார்: "உள்ள போனா என் கை உனக்குத்தாம்மா போடும். என் ஓட்டு விழுந்து நீ கலா ஆயிட்டேன்னா? அதான் போகலே."

நானா தே தாரேக்கை நுரை ததும்ப ஆற்றிக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். புவனா தன் மை விரலை அவர் விரலில் அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். காய்ந்த மை, ஒட்டவில்லை. அண்ணே ஒட்டிவிட்டதாகவே வைத்துக்கொண்டு, அந்த வெறும் விரலைத் தூக்கி, "எடுலா படம்" என்றார்.

அந்தப் படம் என் கைப்பேசியில் இருக்கிறது. இனி யார் எந்தச் சின்னத்தில் நின்றாலும் நான் கலா அண்ணே நிற்கிற பக்கம்தான். தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறேன்.