பதினோராவது கட்டத்தில் ஒரு துணி கிளிப்

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே உங்கள் முட்டிவலியும் பெரியம்மாவின் கோபமும் கொஞ்சமாவது இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

நான் முதலில் பார்த்தது ஒரு துணி கிளிப். நீல பிளாஸ்டிக், ஒரு கால் உடைந்தது. அது கொடியில் இல்லை, பழுதாகி எங்கள் பட்டறைக்குத் திரும்பி வந்த ஒரு மருந்துப்புகை மிஷினின் வாயில் மாட்டியிருந்தது. "வாயே தெறக்காத பொண்ணு அங்க என்ன சாதிக்கப் போறா? மாசக் கடைசியில வேலைய விட்டுட்டு இங்க வரட்டும், தெரிஞ்சவங்க துணிக்கடையில பில் போட உக்கார வைக்கிறேன்" என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அப்பாவும் "அண்ணன் சொன்னா சரி" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டார். நான் இங்கேயே இருக்க நீங்கள் சம்மதிக்க வேண்டும். அதற்குக் காரணம் அந்த கிளிப்தான்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியாது. மூச்சிரைக்கும் பிள்ளைகளுக்கு மருந்தைப் புகையாக்கிக் கொடுக்கும் சின்ன மிஷின் அது. வடிவமைப்பது தூரத்து நாட்டில் இருக்கும் கம்பெனி. பழுதானவை டயர் கடைக்கு மேல் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வரும். நாங்கள் எட்டுப் பேர் அவற்றைத் திறந்து, துடைத்து, பதினோரு கட்டம் உள்ள ஃபாரத்தில் காரணத்தை டிக் அடித்து அனுப்பிவைப்போம். கிளிப்போடு வந்தால் பதினோராவது கட்டம், "தவறான உபயோகம்". ஒரே வாரத்தில் பதினேழு மிஷின், பதினேழும் ஒரே இடத்தில் கிளிப், ஒரே இடத்தில் விரிசல். பதினேழு வீட்டிலும் ஒரே மாதிரியா தவறு செய்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதை வாய்விட்டுக் கேட்க வேண்டுமே! வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே ஒன்பதாவதோடு நின்றவள் நான். அதனால் ஒவ்வொரு ஃபாரத்தின் பின்பக்கத்திலும் மிஷினையும் கிளிப்பையும் படமாகப் போட்டு அனுப்பினேன். மணிக்கட்டில் எப்போதும் ஒட்டுநாடாச் சுருளை வளையல் மாதிரி போட்டிருக்கும் டேப் அக்கா மட்டும் கவனித்துவிட்டு, "ஏன்டி, ஃபாரத்துல படம் போட்டா பரீட்சையில மார்க் குடுப்பாங்களா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மூன்று மாதம் கழித்து அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து போன். படங்களையெல்லாம் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்களாம், "உங்கள் வடிவமைப்புத் துறையைப் பார்க்க வருகிறோம்" என்றார்களாம். எங்களுக்கு ஏது துறை? "இல்லை" என்ற சொல்லை வாழ்க்கையில் சொல்லிப் பழகாத எங்கள் முதலாளி, "வாங்க, வாங்க, தனி அறையிலயே இருக்கு" என்று சொல்லிவிட்டார். பத்து நாளில் துறை தயாராக வேண்டும். நாங்கள் சாப்பிடும் அறைதான் துறையானது. சாம்பார் கறையை மறைக்க மேஜைமேல் வெள்ளைத்தாள் விரித்தோம். பெயிண்டர் அவசரத்தில் வெளிச்சுவரில் எழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட, "வடிவமைப்புத்" என்பதிலேயே சுவர் தீர்ந்துபோய், "துறை" என்பது பக்கத்திலிருந்த கழிவறைக் கதவுக்குப் போய்விட்டது. அழிக்க நேரமில்லை. எங்கள் கணக்கருக்கு இரவல் டை கட்டித் தலைமை வடிவமைப்பாளராக்கினார்கள். என்னை யாரும் ஒளித்துவைக்கவில்லை பெரியப்பா, பிளக் மாட்டுகிறேன் என்று நானே மேஜைக்கு அடியில் போய்விட்டேன்.

வந்தவர் நரைத்த முடி வைத்த ஒரு பொறியாளர் அம்மா, கூடவே ஒரு மொழிபெயர்ப்பாளர். கழிவறைக் கதவு முன்னால் நின்று ஆசையாக போட்டோ எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். "எல்லாப் படத்திலும் கிளிப் இந்த இடத்தில் இருக்கிறதே, ஏன்?" என்று கேட்டார்கள். கணக்கர் டையைத் தளர்த்திக்கொண்டு, "அது... ஒரு அழகுக்காக" என்றார்.

அழகுக்காகவா! எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தேன், தலையில் ஒரு இடி வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். மிஷினை ஓடவிட்டு, மூச்சு மூடியை எடுத்துக் கணக்கர் முகத்தில் மாட்டி, மிஷின் வாயிலிருந்து மூடிக்கு வரும் குழாயை அவர் கையில் கொடுத்து, "இழுங்க" என்றேன். அந்த அறையில் நான் சத்தமாகச் சொன்ன முதல் சொல் அதுதான்.

"எதுக்கும்மா?"

"சார், நீங்க ரெண்டு வயசுப் புள்ள. மூடி புடிக்கல. அழறீங்க. இழுங்க!"

"யோவ், இழுய்யா!" என்றார் முதலாளி.

இழுத்தார். குழாய் மிஷினிலிருந்து கழன்று முதலாளி முகத்தில் காற்றடித்தது. மறுபடி செருகி கிளிப்பை மாட்டினேன். கணக்கருக்கு உற்சாகம் வந்துவிட்டது, உண்மையாகவே அழுகிற பிள்ளை மாதிரி காலை உதைத்து இழுத்தார். குழாய் கழலவில்லை, மிஷினின் வாய்தான் டப்பென்று விரிசல் விட்டது. அதே பதினோராவது கட்டம். "பெத்தவளுக்கு ஒரு கையில புள்ள, ஒரு கையில மூடி," என்றேன். "குழாயப் புடிக்க மூணாவது கை வேணும். அந்தக் கைதான் இந்த கிளிப்."

அந்த அம்மா மிஷினைக் கையில் எடுத்து விரிசலை விரலால் தடவிப் பார்த்தார்கள். பிறகு ஏதோ சொன்னார்கள். மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நாங்க ஆய்வுக்கூடத்துல பொம்மைய வச்சுத்தான் சோதிச்சோம். பொம்மை இழுக்காதுங்கறத மறந்துட்டோம்னு சொல்றாங்க" என்றார்.

நீ என்ன செய்வாய் என்று கேட்டார்கள். வெள்ளைத்தாளை விரித்துவைத்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று! மிஷினின் வாயிலேயே கிளிப் மாதிரி இரண்டு பல் வைத்து வரைந்தேன். இப்போது அந்தப் பல்லோடு புது மிஷின் வந்து ஒன்பது நாட்டுக்குப் போகிறது, அந்த அம்மாவின் நாடும் அதில் ஒன்று. இன்னொரு கண்டத்தில் எங்களை மாதிரியே ஒரு பட்டறை இருக்கிறதாம், அங்கே கிளிப்புக்குப் பதில் ரப்பர் பேண்டாம். திங்கள்தோறும் அவர்களும் நாங்களும் திரையில் பேசிக்கொள்கிறோம், தலைமை அலுவலகம் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுக்கிறது. "இத்தன நாள் அவங்க யோசிச்சதுக்கு நாம ஸ்க்ரூ திருகினோம்டி. இனிமே நாம யோசிக்கிறதுக்கு அவங்க திருகட்டும்" என்கிறாள் டேப் அக்கா. ஃபாரத்தில் பன்னிரண்டாவது கட்டம் ஒன்று வந்திருக்கிறது. அதில் எழுத்தே கிடையாது, படம் போட இடம். சாப்பாட்டு அறை நிஜமாகவே துறையாகிவிட்டது, நாங்கள் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். என்னை அதில் நிரந்தரமாகச் சேரச் சொல்கிறார் முதலாளி. பெரியப்பாவைக் கேட்காமல் ஒரு அடிகூட எடுத்து வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தயவுசெய்து சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் மாட்டேன் என்றால், அழுதுகொண்டேயானாலும் பில் போட வந்துவிடுவேன். பெரியம்மாவுக்கு என் வணக்கம், உங்கள் இருவரின் ஆசியும் எனக்கு வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வார்த்தையை மீறாத மகள்

பின்குறிப்பு: இதை மடிக்கும்போதே முதலாளி நியமனத் தாளோடு வந்து நின்றார். "எங்க பெரியப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன் சார்" என்று சொல்லத்தான், பெரியப்பா, நான் வாயைத் திறந்தேன். "பேனா குடுங்க சார்" என்று வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டேன்.