மாப்பிள்ளையை மோந்து பார்க்கப் போனேன்

"பயப்படாதே" என்று சொல்லி யாருடைய பயமும் போனதில்லை. எனக்கு அப்படிச் சொன்னவர்களை வரிசையாக நிற்க வைத்தால் இங்கிருந்து பென்னாகரம் வரைக்கும் நிற்பார்கள். அத்தனை பேர் சொல்லியும் என் பயம் ஓர் அங்குலம் நகரவில்லை. ஆகையால், குழந்தைகளே, பரீட்சை நெருங்க நெருங்க நீங்கள் களியைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும் நான் அந்த வார்த்தையைச் சொல்லப் போவதில்லை. அதற்குப் பதிலாக உங்கள் அப்பா எவ்வளவு பெரிய பயந்தாங்கொள்ளி என்பதைச் சொல்லிவிடுகிறேன். (உங்கள் அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும். கல்யாணமான மறுநாளே கண்டுபிடித்துவிட்டாள்.)

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். ஆனாலும் பயத்தைப் பற்றி மட்டும் நிறைய யோசித்திருக்கிறேன். வேறு வழியில்லை, அது என் கூடவே இருந்தது. நான்கு பேர் என்னைப் பார்த்தால் போதும், நாக்கு உலர்ந்துவிடும், உள்ளங்கை நனைந்துவிடும், வயிற்றுக்குள் யாரோ மோர் கடைவார்கள். ஏன் இப்படி? எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். வத்தல்மலைக் காட்டில் கரடி எதிரே வந்தால் ஓட வேண்டும். ஓடுவதற்கு நெஞ்சு வேகமாக அடிக்க வேண்டும், மூச்சு வேகமாக வாங்க வேண்டும். உடம்பு அதற்காகத் தன்னைத் தயார் செய்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் உடம்புக்குக் கரடிக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. கணக்குப் போடச் சொல்லி வாத்தியார் கூப்பிட்டாலும் அது ஓடத் தயாராகிவிடுகிறது. (எங்கள் கணக்கு வாத்தியார் விஷயத்தில் உடம்பைக் குற்றம் சொல்ல முடியாது.)

இதற்கு நான் கையில் வைத்திருந்த வைத்தியம் இரண்டு. கூடப் படித்த ஒருவன், மூச்சை இழுத்து அப்படியே பிடித்துக்கொண்டால் படபடப்பு அடங்கும் என்றான். அதை நம்பினேன். மற்றொன்று நானே கண்டுபிடித்தது: வறுத்த கடலையை மெதுவாக மெல்லுவது. கரடியின் முன்னால் உட்கார்ந்து யாராவது கடலை தின்பார்களா? ஆகவே வாய் மென்றால், கரடி இல்லை என்று வயிறு முடிவு கட்டிக்கொள்ளும். சட்டைப் பையில் கடலை இல்லாமல் நான் வெளியே கிளம்பியதே கிடையாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிச் சில மாதம் ஆகியிருந்த சமயம். உங்கள் பவுனு அத்தைக்கு, அதாவது என் அக்காவுக்கு, மாரண்டஹள்ளியில் ஒரு மாப்பிள்ளை அமைகிற மாதிரி இருந்தது. பெயர் சென்னப்பன். நிலம் உண்டு, நல்ல குடும்பம். ஆனால் பாப்பாரப்பட்டிச் சந்தையில் யாரோ என் தாய்மாமன் காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டார்கள். "பையனுக்குக் கை நடுங்குதுங்க. கடைய மூடினா என்ன, காட்டுல காய்ச்சறவன் காய்ச்சிக்கிட்டுத்தானே இருக்கான்?"

அக்கா இதைக் கேட்டுவிட்டாள். நாங்கள் கிளம்புகிற அன்று காலை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, அப்பாவும் மாமாவும் நெலத்தப் பாப்பாங்க, மாட்டப் பாப்பாங்க. நீ ஆளப் பாரு. குடிக்கிற ஆளுன்னா எனக்கு வேண்டாம். கட்டி வெச்சீங்கன்னா மறு வாரமே திரும்பி வந்து இங்கயே உக்காந்துக்குவேன். உன் பொண்டாட்டிக்கும் எனக்கும் தெனம் சண்ட நடக்கும், பாத்துக்க."

எனக்கு அப்போது பெண்டாட்டி இல்லை. இருந்தாலும் அந்தச் சண்டையை நினைத்து அப்போதே வியர்த்தது.

வாசலைத் தாண்டுவதற்குள் அம்மா என் சட்டைப் பையில் கையை விட்டுக் கடலையை எடுத்துக்கொண்டாள். அதற்குக் காரணம் இருந்தது. சம்பந்தம் பேசி முடிக்கும் வரை அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது நம் பக்கத்து வழக்கம். தண்ணீர் குடிக்கலாம். ஒரு வாய் தின்றால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். பிறகு பின்வாங்கினால் மானம் போய்விடும். "அங்க போயி வாய அசைக்காத. அசைச்சீன்னா உங்கக்கா தலையெழுத்து அதோட முடிஞ்சுது" என்றாள். இப்படிச் சொல்லி அனுப்பினால் மனிதனுக்கு எப்படி இருக்கும்?

பாலக்கோடு வரை மாட்டு வண்டி, அங்கிருந்து சின்ன ரயில். அப்பாவும் மாமாவும் விவசாயம் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் வாயை அசைக்காமல் பழகிக்கொண்டு வந்தேன்.

அவர்கள் வீட்டில் நல்ல மரியாதை. பாயை விரித்து உட்கார வைத்தார்கள். தட்டில் கச்சாயமும் வாழைப்பழமும் வந்தன. மாமா அதைத் தொடாமல், "இருக்கட்டுங்க, எங்க போகுது" என்று பக்குவமாக ஒதுக்கி வைத்தார். அப்போது மாப்பிள்ளை தண்ணீர்ச் செம்போடு வந்தார். ஆள் வாட்டசாட்டமாக இருந்தார். ஆனால் கை கிடுகிடுவென்று ஆடியது. செம்பு மாமாவிடம் வந்து சேர்ந்தபோது பாதித் தண்ணீர் மாமாவின் வேட்டியில் இருந்தது. மாப்பிள்ளை முகம் வெளிறி, மாட்டைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பின்பக்கம் ஓடிப்போனார்.

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மாமாவைப் பார்த்தார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். மாமா என் காதில், "போயி கிட்டத்துல நின்னு பேச்சுக் குடு. வாயில வாசன வருதான்னு மோந்துட்டு வா" என்றார்.

ஒரு மனிதனை அவனுக்குத் தெரியாமல் மோந்து பார்ப்பது எப்படி என்று எட்டாவது வரை எந்த வகுப்பிலும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாட்டுக் கொட்டாய்க்குப் போவதற்குள் என் நெஞ்சு உலக்கை இடிக்கிற மாதிரி இடித்தது. கடலையும் இல்லை. ஆகவே மிச்சமிருந்த வைத்தியத்தைப் பிடித்தேன். மூச்சை இழுத்து நிறுத்திக்கொண்டு மாப்பிள்ளையின் முகத்தருகே போனேன்.

அவர் நான் ரகசியம் சொல்ல வருகிறேன் என்று நினைத்துக் காதைக் கொடுத்தார். எனக்கு வேண்டியது காது அல்ல. நான் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனேன். அவர் மறு காதைக் கொடுத்தார். இப்படியே ஒரு சுற்றுச் சுற்றினோம். "ஏதாச்சும் சொல்லணுங்களா?" என்று அவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். அருமையான சந்தர்ப்பம். ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவன் எதை மோந்து பார்ப்பது? அது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. உறைத்ததும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் பதறிப்போய் முதுகைத் தட்டினார். "மூச்ச வுடுங்க. மொதல்ல வெளிய வுடுங்க. மெதுவா, பூராவும் வுடுங்க." விட்டேன். உள்ளே இழுப்பதை உடம்பு தானே பார்த்துக்கொண்டது. நான்கைந்து முறை அப்படிச் செய்ததும் உலகம் பழைய இடத்துக்கு வந்தது. (பிள்ளைகளே, இதை மட்டும் மனத்தில் வையுங்கள். படபடப்பு வந்தால் மூச்சைப் பிடிக்காதீர்கள். மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள்.)

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எனக்கும் இதே சீக்குதாங்க. நாலு பேரு பாத்தாக் கையி ஆடும். மாட்டுக்கிட்ட வந்துட்டா ஒண்ணுமில்ல" என்றார். சொல்லிக்கொண்டே காளையின் கழுத்தில் தளர்ந்திருந்த சலங்கையை அவிழ்த்து, சின்ன முடிச்சாகப் போட்டு மறுபடி கட்டினார். நான் அந்த விரல்களையே பார்த்தேன். கொஞ்சமும் ஆடவில்லை. குடியால் ஆடுகிற கைக்கு, பார்ப்பது மனிதனா மாடா என்று தெரியுமா? எனக்குப் புரிந்துவிட்டது. அது என்னுடைய கை. வேறு உடம்பில் மாட்டியிருந்தது.

சந்தோஷத்தில் பேச ஆரம்பித்தோம். யாருக்கு நாக்கு முதலில் உலரும், யாருக்கு வயிறு என்றெல்லாம் ஒப்பிட்டுக்கொண்டோம். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் யாரோடும் பேசியதில்லை.

"ஐயையோ" என்று ஒரு குரல். மாப்பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தார். அவர் பார்த்தது என் காலடியை. அங்கே கடலைத் தொலி குவிந்து கிடந்தது. பக்கத்தில் காயப் போட்டிருந்த கடலையை எப்போது எடுத்தேன், எப்போது தின்றேன், எனக்கே தெரியாது. என் வாயில் இன்னும் ஒன்று இருந்தது. கூடவே தின்றிருந்த மாப்பிள்ளை வாயிலும் ஒன்று.

"பொண்ணுக்குத் தம்பியே கை நனைச்சிட்டாரு. இனி என்னங்க பேச்சு" என்று அந்த அம்மா சிரித்தபடி உள்ளே சொல்ல, வீடே கொட்டாய்க்கு வந்துவிட்டது. மாமாவின் முகம் கறுத்தது. கொட்டாயில் தின்றது வீட்டில் தின்றதாகாது என்றார். வேக வைக்காத கடலை சாப்பாட்டுக் கணக்கில் வராது என்றார். மாப்பிள்ளையின் சித்தப்பா, "கொட்டாயும் எங்களுதுதானுங்க" என்றார். வழக்கு வளர்ந்தது. அப்பா பொறுக்க மாட்டாமல் என் பக்கம் திரும்பி, "போன காரியம் என்னடா ஆச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

அத்தனை கண்ணும் என் மேல். என் வாய் தானாகத் திறந்து, உரத்த குரலில் சொன்னது: "மோந்து பாக்க முடியலீங்கப்பா. மூச்சப் புடிச்சிக்கிட்டிருந்தேன்."

காளைகூட அசை போடுவதை நிறுத்தியது. சித்தப்பா, "எதுக்குங்க மோந்து பாக்கறது? எங்க பையன் என்ன, குடிகாரனா?" என்று துண்டை உதறினார். அவ்வளவுதான், சம்பந்தம் போய்விட்டது என்று நினைத்தேன். அக்கா ஆளைப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன், நல்ல ஆள்தான். நானே அவரை விரட்டிவிட்டேன்.

அப்போது சென்னப்பன் முன்னால் வந்தார். இரண்டு கையும் ஆடிக்கொண்டிருந்தன. நேராக மாமாவின் முன்னால் நின்று, வாயை அகலத் திறந்து, "ஹா" என்று முகத்தில் ஊதினார். நீளமாக, பூராவும் ஊதினார்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். எல்லோரும் தீர்ப்புக்குக் காத்திருந்தோம்.

"கடலதான்" என்றார்.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. அப்பா மட்டும் சிரித்து முடித்த பிறகு, "எங்க பொண்ண ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றமுங்க" என்றார். சித்தப்பாவும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். மூச்சுப் பிடித்ததையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "கை ஆடறது தெரிஞ்சும் எல்லாரு முன்னாலயும் வந்து நின்னாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்பச் சரின்னு சொல்லிரு" என்றாள்.

ஆனால் எனக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. செம்பையே கொட்டியவர், ஊரே பார்க்கத் தாலியை எப்படிக் கட்டுவார்? பயந்தபடியே நடந்தது. பந்தலில் மேளம் கொட்டுகிறது, அட்சதையோடு அத்தனை பேரும் பார்க்கிறார்கள், மாப்பிள்ளையின் கை சரட்டோடு ஆடுகிறது. முடிச்சு விழவில்லை. பெண்ணுக்குத் தம்பியாகப் பின்னால் நின்ற எனக்கு மூச்சு நின்றுவிட்டது. (ஆமாம், மறுபடியும்.) அப்போது குனிந்த தலை நிமிராமல் அக்கா சொன்னது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டது.

"மாடுன்னு நெனச்சிக்கங்க."

மூன்று முடிச்சும் சட்டென்று விழுந்தன. நான் சிரித்த சிரிப்பில் என் கைத்தட்டிலிருந்த பொரி முழுவதும் ஐயர் தலையில் கொட்டியது.

அன்றிலிருந்து நம் வீட்டில் யார் எதற்குப் பயந்தாலும் அதுதான் மந்திரம். தாசில்தாரைப் பார்க்கப் போனாலும் அத்தை அதையே சொல்லித்தான் அனுப்புவாள். நீங்களும் தாராளமாகச் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் போன வாரம் பள்ளிக்கூடத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்டபோது நம் சின்னவன் அவரைப் பார்த்து அன்பாகச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னானாம். ஏன் சிரித்தான் என்று வாத்தியார் என்னிடம் விசாரித்தார். பையனுக்குப் பெரியவர்கள்மேல் மரியாதை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் யாரும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.